முதல் இருபது நொடி: பாட்டுப் போட்டி ஆடிஷனுக்குப் போகும் குமரி மாவட்டப் பிள்ளைகளுக்கு

எண்பது பக்க நோட்டு ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. அட்டை கிழிந்து ஓரமெல்லாம் பழுப்பேறிப் போனது. முதல் பக்கத்தில் '2006, ஏப்ரல் கடைசி' என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறேன். விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் முதல் சீசன் தொடங்கிய சமயம் அது. நான் பிளஸ் ஒன் முடித்து லீவில் இருந்தேன். வீடு தக்கலைப் பக்கம்.

டிவியில் பாட்டுப் போட்டி அதற்கு முன்பும் உண்டுதான். சன் டிவியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்களை எங்கள் வீட்டில் யாரும் தவற விட்டதில்லை. ஹிந்தியில் 2004-ல் இந்தியன் ஐடல் தொடங்கி, அதன் முதல் சீசனில் அபிஜித் சாவந்த் ஜெயித்ததும் தெரியும். ஆனால் ஒரே ஆள் மாதக்கணக்கில் மறுபடி மறுபடி வந்து நின்று, ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவர்கள் எங்கே சரி, எங்கே பிசகு என்று பிரித்துச் சொல்வதைத் தமிழில் உட்கார்ந்து கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. பாட்டு வகுப்புக்கு ஃபீஸ் கட்ட வீட்டில் யோசிக்கிற காலம். எனக்கு அது இலவச வகுப்பு.

நடுவர்கள் மூன்று பேர்: ஸ்ரீனிவாஸ், சுஜாதா, உன்னிகிருஷ்ணன். ஸ்ரீனிவாஸ் நமக்குப் பக்கத்து ஜில்லா, அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். சுஜாதாவுக்குக் கொச்சி, உன்னிகிருஷ்ணனுக்குப் பாலக்காடு. உன்னிகிருஷ்ணன் கர்நாடக சங்கீதத்திலிருந்து வந்து, சினிமாவில் பாடிய முதல் பாட்டுகளுக்கே 1994-ஆம் ஆண்டின் தேசிய விருது வாங்கியவர். இப்படிப்பட்டவர்கள் பேசும்போது நோட்டும் பேனாவுமாக உட்காராமல் எப்படி இருப்பது?

நோட்டில் நடுவே கோடு போட்டுக்கொள்வேன். ஒருவர் பாடி முடித்ததும், நடுவர் வாய் திறப்பதற்கு முன்னால், இடது பக்கம் என் காதில் விழுந்ததை எழுதிவிட வேண்டும். அப்புறம்தான் வலது பக்கம், நடுவர் சொன்னது. முதல் மாதம் இரண்டும் ஒத்தே வராது. 'நன்றாகப் பாடினார்' என்று நான் எழுதியிருப்பேன். சரணத்தில் சுருதி விலகியது என்று அங்கே சொல்வார்கள். கடைசியில் நிகில் மேத்யூ டைட்டில் ஜெயித்தபோது முதல் நோட்டு முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது; இரண்டு பக்கமும் பாதிக்கு மேல் ஒத்துவரத் தொடங்கியிருந்தன. நீங்களும் இதைச் செய்யுங்கள். இன்று யூடியூபில் எந்த நிகழ்ச்சியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். நடுவர் பேசும் முன் நிறுத்தி, எழுதிவிட்டு, அப்புறம் ஓட விடுங்கள். காது முதலில் தேற வேண்டும், தொண்டை பின்னால் வரும்.

இவ்வளவு எழுதியும் என் முதல் ஆடிஷனில் நான் இருபது நொடிகூடத் தாண்டவில்லை. எந்தப் போட்டி என்பது இங்கே முக்கியமில்லை. நாகர்கோவிலில் ராத்திரி ரயிலேறி, காலையில் சென்னையில் இறங்கி, நேராக வரிசையில் போய் நின்றேன். முன்னாலும் பின்னாலும் நம்மைப் போன்ற பிள்ளைகள். எல்லாரும் பாடிக்கொண்டே இருந்தார்கள், நானும் பாடினேன். ஒருவர் தொடங்க மற்றவர் சேர, கச்சேரி போல இருந்தது. மத்தியானம் தாண்டி என் நம்பர் வந்தபோது தொண்டையில் பாதிதான் மிச்சம்.

உள்ளே போனால் மூன்று பேர், ஒரு கேமரா, சின்ன அறை. சுருதிப் பெட்டி கிடையாது, தாளம் கிடையாது. "பாடுங்கம்மா" என்றார்கள். படபடப்பில் சுருதியை ஒரு கட்டை தூக்கிப் பிடித்துவிட்டேன்; கட்டை என்பது சுருதியின் உயரத்துக்கான அளவு. பல்லவியின் இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் குரல் கீறியது. "சரிம்மா, போதும்" என்றார்கள். அவர்கள் கேட்டது சரியாகத்தான் கேட்டார்கள். என் நோட்டில் யாராவது அப்படிப் பாடியிருந்தால் நானும் இடது பக்கம் அதையே எழுதியிருப்பேன்.

ஊருக்கு வந்து என் பாட்டு டீச்சரிடம் சொன்னேன். அவர் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியில் படித்தவர். நான் பாடிய பாட்டை அதே மாதிரி பெட்டி இல்லாமல் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளே, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உனக்க தொண்டைக்கு உள்ளது இல்ல, கேட்டியா" என்றார். அன்றைக்குத் தொடங்கியதுதான் நிஜமான படிப்பு.

முதல் வேலை, கட்டையைக் கண்டுபிடிப்பது. பெண்களுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஐந்தரை என்பார்கள். ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரை, இரண்டு. அது கச்சேரிக் கணக்கு. சினிமாப் பாட்டு பாடகர் தொண்டைக்கும் காட்சிக்கும் தகுந்தபடி எங்கேயோ அமைக்கப்பட்டிருக்கும். கேசட்டில் கேட்ட கட்டையிலேயே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. டீச்சர் சொல்லிக்கொடுத்த வழி இது: பாட்டில் மிக உயரமான வரி எதுவோ அதிலிருந்து தொடங்க வேண்டும். பல்லவியை மறந்துவிடுங்கள். அந்த உச்சி வரியைச் சுருதிப் பெட்டியில் நாலரை வைத்து ஒருமுறை, ஐந்து வைத்து ஒருமுறை, ஐந்தரை வைத்து ஒருமுறை பாடுங்கள். எதில் பாடும்போது அதற்கு மேலும் ஒரு ஸ்வரம் போக இடம் இருப்பது போலத் தோன்றுகிறதோ, அதுதான் உங்கள் கட்டை. பிறகு கீழே இறங்கும் வரியையும் பாடிப் பாருங்கள். அது முனகலாகப் போனால் பாட்டையே மாற்றிவிடுவது நல்லது. பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு இப்போது போனிலேயே தம்புரா கிடைக்கிறது.

இரண்டாவது வேலைதான் கஷ்டம். பெட்டி இல்லாமல் அந்தக் கட்டையில் இறங்கப் பழகுவது. காலையில் எழுந்ததும், யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், பாட்டின் முதல் வரியைப் பாடுவேன். உடனே பெட்டியைப் போட்டுப் பார்ப்பேன். முதல் வாரம் எனக்கு முக்கால் கட்டை, ஒரு கட்டை என்று விலகல். காலையில் கீழே விழும், சாயங்காலம் மேலே போகும். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் அரை, கால் என்று குறித்து வைத்தேன். அம்மா பால் கணக்கு எழுதும் அதே காலண்டர். ஆறு வாரத்தில் கால் கட்டைக்குள் வந்தது. மாடிப்படியை வேகமாகப் பத்துத் தடவை ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்கும்போதே பாடிப் பார்ப்பதும் டீச்சர் சொன்னதுதான். ஆடிஷன் அறையில் நெஞ்சு அடிப்பதும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். படபடப்பை ஒழிக்க முடியாது. அதோடு சேர்ந்து பாடத்தான் பழக முடியும்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது நம் ஊரில் மட்டுமே படிக்கக் கிடைக்கிற ஒன்று. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படும் ஊர்வலத்தை நாம் எல்லாரும் ரோட்டோரம் நின்று பார்த்திருக்கிறோம். அங்கே நவராத்திரி மண்டபத்தில் அந்தச் சரஸ்வதிக்கு முன்னால்தான் ஒன்பது நாளும் கச்சேரி நடக்கும். அங்கே கைதட்டக் கூடாது. ஆலாபனை எவ்வளவு உயரம் போனாலும் எதிரில் ஒரு சத்தமும் வராது. பல தலைமுறைகளாக அந்த மண்டபத்தில் பெண்கள் பாடியதே இல்லை. 2006-ல் அதை மாற்றியவர் கர்நாடக சங்கீதப் பாடகி பாறசாலை பொன்னம்மாள். களியிக்காவிளையைத் தாண்டினால் வருகிற பாறசாலைதான். எண்பதைத் தாண்டிய வயதில் அங்கே உட்கார்ந்து பாடினார். நான் டிவி பார்த்து நோட்டு எழுதிய அதே வருஷம். அந்தச் செய்தியைச் சொல்லும்போது டீச்சர் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சர்ச் குவையரிலும், கோயில் பஜனையிலும், ஸ்கூல் ஆண்டு விழாவிலும் பாடி வளர்ந்தவர்கள் நாம். எதிரே இருப்பவர் முகம் பார்த்துப் பாடித்தான் பழக்கம். தலையாட்டினால் நமக்கு உற்சாகம் வரும். ஆடிஷனில் யாரும் தலையாட்ட மாட்டார்கள். பேப்பரில் ஏதோ எழுதுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள். அதைப் பார்த்ததும் நமக்குப் பாட்டு தளர்ந்துவிடும். என்னை டீச்சர் சுவரைப் பார்த்து நிற்க வைத்துப் பாட வைத்தார். பாடி முடித்தபின் ஐந்து நிமிஷம் அவர் எதுவும் பேச மாட்டார். முதல் நாள் அந்த ஐந்து நிமிஷம் தாங்க முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. வீட்டில் மாமா, சித்தியை உட்கார வைத்து, "கைதட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் பாடிப் பாருங்கள், புரியும்.

குவையர் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சேர்ந்து பாடும்போது பக்கத்துக் குரலுக்குள் நம் குரலை ஒளித்து வைக்கப் பழகியிருப்போம். அது அங்கே நல்ல குணம். தனியாகப் பாடும்போது வரியின் கடைசி எழுத்து வரை நாமே பிடித்து முடிக்க வேண்டும். அங்கேதான் நம்மில் பலருக்கு மூச்சு போதாமல் போகிறது. பாட்டு வரிகளைத் தாளில் எழுதி, மூச்சு எடுக்கும் இடங்களில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். வார்த்தைக்கு நடுவில் கோடு விழவே கூடாது.

உச்சரிப்பில் நமக்கு ஒரு அனுகூலமும் ஒரு சிக்கலும் உண்டு. 'ழ' நம் பக்கம் சுத்தமாக வரும், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் 'காற்று', 'வெற்றி' என்று பாடும்போது, குறிப்பாக விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு, நாக்கு மேல் பல்லுக்குப் பின்னால் ஒரே அழுத்தமாக அழுந்தும், மலையாளத்தில் வருவது போல. அது பழைய தமிழ் ஒலிதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சினிமாப் பாட்டில் அந்த 'ற்று' லேசாக உருண்டு வருவதைத்தான் கேட்டுப் பழகியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பாடும்போது மாற்றிக்கொள்ளுங்கள், பேசும்போது எனக்க, உனக்க என்றே பேசுங்கள், யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

இரண்டாவது தடவை போனபோது ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சித்தி வீட்டில் தங்கினேன். வரிசையில் பாடவில்லை, வெந்நீர் மட்டும் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் நம்பருக்கு ஐந்து பேர் முன்னால் வந்ததும் போனில் தம்புராவைக் காதில் வைத்துக்கொண்டேன். உள்ளே போய் ஐந்தில் நேராக இறங்கினேன். பல்லவி, அனுபல்லவி மாதிரி வரும் இரண்டு வரி, ஒரு சரணம் முழுக்கக் கேட்டார்கள். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று. அங்கேதான் "வேற மாதிரி ஒண்ணு பாடுங்க" என்றார்கள். என்னிடம் இருந்த மூன்று பாட்டும் மெதுவான, உருக்கமான பாட்டுகள். துள்ளலாக ஒன்றுமே இல்லை. பாதி தெரிந்த ஒரு நாட்டுப்புறப் பாட்டை எடுத்தேன், சரணத்தில் வரி மறந்தது. அதோடு ஊர் திரும்பினேன். ஆகவே ஐந்து பாட்டு: ஒரு மெல்லிசை, ஒரு வேகப் பாட்டு, ராகத்தில் கட்டிய ஒன்று, நாட்டுப்புறம் ஒன்று, 1960-களிலிருந்து பழைய பாட்டு ஒன்று. ஐந்திலும் முழு வரிகளும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்.

சில்லறை விஷயங்கள். ரயிலில் ஏசிப் பெட்டி தொண்டையை வறட்டும், சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் நேந்திரங்காய் சிப்ஸ், ஐஸ்கிரீம் எல்லாம் வேண்டாம். எனக்குக் கருப்பட்டிக் காப்பி ஒத்துப்போகும், உங்களுக்கு எது ஒத்துப்போகுமோ அது. வயதுச் சான்றும் அடையாள அட்டையும் நகலோடு இருக்கட்டும். தேர்வானால் கையெழுத்துக்கு நீட்டும் தாள்களைப் பெற்றோர் முழுக்கப் படித்துவிட்டுப் போட வேண்டும். தேர்வாக்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இப்போது என்னிடம் பத்துப் பிள்ளைகள் பாட்டு படிக்கிறார்கள். அதில் குலசேகரத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை அடுத்த மாதம் ஆடிஷனுக்குப் போகிறாள். ஐந்தரைக் கட்டை. முதல் வாரம் அவளுக்கும் முக்கால் விலகல். நேற்றுக் காலை ஆறு மணிக்கு அவள் அம்மா போன் போட்டு, "டீச்சரே, கேளுங்க" என்று போனை அவள் பக்கம் நீட்டினார். தூக்கக் கலக்கத்தில் முதல் வரி பாடினாள். நான் இங்கே பெட்டியைப் போட்டேன். அப்படியே போய் உட்கார்ந்திருந்தது. குழித்துறையிலிருந்து சென்னைக்கு அனந்தபுரி எக்ஸ்பிரஸில் மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, அவளுக்கும் அம்மாவுக்கும் எனக்கும்.