பைப் போட்டா வந்துடும்ண்ணா

காரிமங்கலம் பக்கம் ஒரு பஞ்சர் கடை. லாரி வீல் நட்டு ஒன்று அசைய மறுத்தது. டிரைவர் ஸ்பேனர் மேல் ஏறியே நின்று பார்த்துவிட்டார்.

கடைப் பையன் ஒல்லி. ஐம்பது கிலோ இருந்தாலே அதிகம். "பைப் போட்டா வந்துடும்ண்ணா" என்று துருப்பிடித்த ஜிஐ பைப் ஒன்றை ஸ்பேனரில் செருகினான். நுனியைப் பிடித்து ஒரே அழுத்து.

டக்.

ஒன்றரை அடி ஸ்பேனர். பைப்பின் நுனியோ நட்டிலிருந்து நான்கரை அடி. அதே கை, மூன்று மடங்கு முறுக்குவிசை. நான்கு வருடம் மெக்கானிக்கல் படித்து, "விசை × தூரம்" என்று பரீட்சையில் எழுதியவன் நான். எனக்குப் பைப் தோன்றவில்லை, அது வேறு விஷயம்.

பாட்டியின் பாக்குவெட்டியும் இதே நெம்புகோல் வித்தைதான். கிணற்று ஏற்றமும் இதுதான். பல் டாக்டரின் குறடும்.

நம் கை மட்டும் தலைகீழ். முழங்கையை மடக்கும் தசை மூட்டிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டரிலேயே எலும்பைப் பிடித்திருக்கிறது. சுமையோ ஒன்றேகால் அடி தள்ளி, உள்ளங்கையில். ஐந்து கிலோவை மடக்கிய கையில் தாங்க, தசை ஏழெட்டு மடங்கு இழுக்க வேண்டும். பலத்தை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிய ஏற்பாடு. கல்லெறிய நல்லது, பை தூக்க ஆகாது.

அப்போதுதான் உறைத்தது. கிருஷ்ணகிரியில் வாங்கிய ஐந்து கிலோ செந்தூரா மாம்பழத்தை இவ்வளவு நேரமும் அப்படித்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பையை முழங்கை மடிப்புக்கு ஏற்றி மாட்டிக்கொண்டேன்.