கேட் இஎஸ் தாள்: டைஜெஸ்டர் கணக்கில் 0.35-ஐ மனப்பாடம் செய்யாதீர்கள்

கேட் தேர்வின் இஎஸ் (சுற்றுச்சூழல் அறிவியல், பொறியியல்) தாளில் ரிசல்ட் வந்துவிட்டது, நல்ல ரேங்க். மனசு இன்னும் அடங்கவில்லை. கழிவுநீரிலிருந்து கரண்ட் எடுக்கும் கணக்குகளை எப்படிப் படித்தேன் என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். அதை மட்டும் எழுதுகிறேன். கணிதம், ஆப்டிட்யூட் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

நான் படித்த பயிற்சி மையத்தின் பார்முலா ஷீட்டில் "ஒரு கிலோ சிஓடிக்கு 0.35 கன மீட்டர் மீத்தேன்" என்று ஒரு வரி இருந்தது. சிஓடி என்பது கழிவை முழுதாக ஆக்சிஜனேற்றம் செய்யத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் யாருமே சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, ஏனென்றால் சொல்ல ஒரு நிமிடம் போதும். டைஜெஸ்டர் என்பது கழிவுநீரில் பிரியும் கசடை நுண்ணுயிர்களால் மட்கவைக்கும் மூடிய தொட்டி, அதற்குள் ஆக்சிஜன் போவதில்லை. அதனால் கசடில் குறைகிற சிஓடி முழுக்க மீத்தேனாகத்தான் வெளியே வர வேண்டும். ஒரு மோல் மீத்தேன் எரிய இரண்டு மோல் ஆக்சிஜன், அதாவது 64 கிராம். அந்த ஒரு மோலின் கன அளவு 22.4 லிட்டர். 22.4-ஐ 64-ஆல் வகுத்தால் 0.35. அவ்வளவுதான்.

இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் 22.4 என்பது 0 டிகிரிக்கு உரியது என்பதும் கூடவே நினைவில் நிற்கும். டைஜெஸ்டர் 35 டிகிரியில் ஓடினால் 308/273-ஆல் பெருக்க வேண்டும், கிட்டத்தட்ட 0.40 வரும்.

ஒரு கணக்கு பார்ப்போம். டைஜெஸ்டரில் நாளொன்றுக்கு 15,000 கிலோ சிஓடி குறைகிறது. மீத்தேன் 5,250 கன மீட்டர். கன மீட்டருக்கு 35.8 மெகாஜூல் என்றால் 1,87,950 மெகாஜூல். ஒரு யூனிட் 3.6 மெகாஜூல் என்பதால், 3.6-ஆல் வகுத்தால் சுமார் 52,200 யூனிட் வெப்பம். என்ஜின் திறன் 35 விழுக்காடு என்றால் சுமார் 18,270 யூனிட் மின்சாரம். 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் 760 கிலோவாட் சொச்சம்.

கவனிக்க வேண்டியவை:

- 35.8 என்பதும் 0 டிகிரி கன அளவுக்குத்தான். அதை 0.40-உடன் பெருக்கினால் இல்லாத ஆற்றல் வந்துவிடும்.
- மீத்தேன் வேறு, பயோகேஸ் (மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்த வாயு) வேறு. பயோகேஸ் கேட்டால், கொடுத்திருக்கும் மீத்தேன் பங்கால் வகுக்கவும் (பெரும்பாலும் 0.60 முதல் 0.65).
- புதிதாக வளரும் நுண்ணுயிர்களும் சிஓடியைப் பிடித்துக்கொள்ளும். அந்த நுண்ணுயிர்களின் எடையைக் கொடுத்திருந்தால், அதை 1.42-ஆல் பெருக்கிச் சிஓடியிலிருந்து கழிக்கவும்.
- எம்எல்டியை (நாளுக்கு மில்லியன் லிட்டர்) மில்லிகிராம்/லிட்டரால் பெருக்கினால் நேராக கிலோ/நாள். வேறு மாற்றம் எதுவும் வேண்டாம்.

தியரிக்கு நான் சொல்வது, ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை நேரில் பாருங்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி எல்லாம் பயோகேஸ் என்ஜின்கள் நிறுவப்பட்ட இடங்கள். கல்லூரி மூலம் அனுமதி கேளுங்கள். என்ஜினுக்கு முன்னால் ஸ்க்ரப்பர் (வாயுவைச் சுத்தப்படுத்தும் கருவி) எதற்கு என்பதை அதன் பக்கத்தில் நின்று கேட்டால் மறக்காது: ஹைட்ரஜன் சல்பைடு ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரித்துவிடும். என்ஜினின் கழிவு வெப்பத்தை வைத்தே டைஜெஸ்டரைச் சூடாக்கலாம் என்பதும் அப்படித்தான். எனக்கு இந்தத் துறையே பிடித்துப்போனது இதனால்தான். ஆஸ்திரியாவின் ஸ்ட்ராஸ் நிலையம் 2005-லேயே தன் தேவைக்கான மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. காற்றூட்டலில் மிச்சம் பிடித்ததும் அதற்கு ஒரு காரணம், ஏனென்றால் நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு காற்றை ஊதும் புளோயருக்குத்தான் போகிறது.

தேர்வறையில் என்ஏடி (விடையை எண்ணாகத் தட்டச்சிடும்) கேள்விக்கு நெகட்டிவ் மார்க் இல்லை, காலியாக விடாதீர்கள். விடையைச் சரிபார்க்க ஒரு வழி: 35 விழுக்காடு திறனில் ஒரு கிலோ சிஓடிக்குச் சுமார் 1.2 யூனிட் மின்சாரம். உங்களுக்கு 3.5-ஐ ஒட்டி வந்தால் என்ஜின் திறனால் பெருக்க விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.