மூணரை ரூபாய் எங்கே போகிறது?

ஈரோடு பக்கம் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், விசைத்தறிக்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள்: “டெபாசிட்டுக்கு ஏழு தர்றீங்க, எங்ககிட்ட பத்தரை வாங்குறீங்க, நடுவுல மூணரை எங்க சார் போகுது?” நியாயமான கேள்வி. ஆனால் பதிலை அவர்கள் ஒருநாளும் நம்பியதில்லை.

2018 நிலவரம் இது. நூறு ரூபாய் டெபாசிட் வந்தால் நான்கு ரூபாய் சிஆர்ஆர் (கட்டாய ரொக்க இருப்பு) என்று ரிசர்வ் வங்கிக்குப் போய்விடும், அதற்கு ஒரு பைசா வட்டி கிடையாது. இன்னொரு பத்தொன்பதரை ரூபாய் எஸ்எல்ஆர் என்கிற மற்றொரு கட்டாய இருப்புக்காகப் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் கிடக்கும். மிச்சத்தில்தான் கடன். அதிலும் ஐம்பதாயிரம் முத்ரா சிறுதொழில் கடனுக்கும் ஐம்பது லட்சம் கடனுக்கும் சிபில் (பழைய கடன்களைக் கட்டிய வரலாறு) பார்ப்பது, கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு, ஆவணம் போடுவது, கையெழுத்து வாங்குவது என்று கிட்டத்தட்ட ஒரே வேலை, ஒரே சம்பளம். சின்னக் கடன்காரருக்கு வட்டி ஏன் கூடுதல் என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். நகைக்கடன் கதை வேறு. அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும், பணம் வராவிட்டாலும் நகை பெட்டகத்தில் இருக்கிறது.

அப்புறம் வாராக்கடன். அந்த மார்ச்சில் இந்திய வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பகுதி பெரிய கம்பெனிகள் வைத்த பாக்கி, ஆனால் அந்தச் சுமையில் ஒரு பங்கு, தவணை தவறாமல் கட்டும் தறிக்காரரின் வட்டியிலும் ஏறத்தான் செய்யும்.

ரிஸ்க் வேறு, செலவு வேறு என்று தலைமை அலுவலகம் நினைத்ததுதான் எனக்குக் கடைசி வரை ஒப்பவில்லை. செலவைக் குறைக்கச் சொல்லி சுற்றறிக்கை வந்தது, கடனுக்கு ஈடாகக் காட்டிய சரக்கை நேரில் போய்ப் பார்க்கும் ஸ்டாக் ஆய்வு, மாதாமாதம் நடந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்றானது. ஒரு குடோனில் ஃபீல்டு ஆபீசர் நூல் மூட்டைகளின் மேல் சாக்பீஸால் சின்னதாக ஒரு கோடு போட்டுவிட்டு வந்திருந்தார் (கில்லாடி மனுஷன்). அடுத்த முறை போனபோது அதே மூட்டைகள் அதே கோட்டோடு, மேலே விரல்கனத்துக்குப் பஞ்சுத்தூசி. கடன்காரர் எழுதிக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் மட்டும் மாதாமாதம் புதுச் சரக்கு வந்து போய்க்கொண்டிருந்தது! மாதம் ஒருமுறை போயிருந்தால் அவர் எடுக்கக்கூடிய கடன் லிமிட்டையாவது குறைத்திருக்கலாம். பாக்கி 90 நாள் தாண்டி, கணக்கு வாராக்கடன் ஆனது.

இருபது லட்சம் பாக்கி, அடமானம் இருந்ததால் 15 சதவீதம், அதாவது எடுத்த எடுப்பில் மூன்று லட்சம் ஒதுக்கீடு, வரக்கூடிய நஷ்டத்துக்காக வங்கி தன் லாபத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டிய பணம். ஆய்வுக்குப் போய்வரும் பெட்ரோல் பில்லை இதோடு வைத்துப் பார்க்கவே வெட்கமாக இருக்கும். ஆனால் பெட்ரோல் செலவுக் கணக்கில் வரும், ஒதுக்கீடு வேறு கணக்கில் வரும், இரண்டையும் பார்க்கிற ஆட்களும் வேறு வேறு. அதனால் அந்த வருஷம் எங்கள் கிளைக்குச் செலவைக் குறைத்ததற்காகப் பாராட்டுக் கடிதம்தான் வந்தது.