அந்திப் படமும் சென்சாரின் சூடும்: ரியூனியன் நாட்குறிப்பு

8 ஜூன் 2024, சனி. சேன் லெ

அந்தி நேரத்தில் ஷட்டரை நிமிடக்கணக்கில் திறந்துவைத்து எடுக்கும் படங்களில் இரைச்சலை, அதாவது காட்சியில் இல்லாத மணல்போன்ற புள்ளிகளை, குறைப்பது எப்படி என்பதை இந்தக் குளிர்காலத்தில் முறையாகப் பார்த்து எழுதிவைக்க எண்ணியிருக்கிறேன். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரியூனியன் தீவில் ஜூன் குளிர்காலம். நான் நினைத்த வேலைக்கு அது தோதான இடம். சேன் லெ ஊர் இருக்கும் மேற்குக் கரையில் சூரியன் நேராகக் கடலில் இறங்குகிறது. அங்கிருந்து காரில் புறப்பட்டால் ஒன்றரை மணி நேரத்துக்குள் 2,200 மீட்டர் உயரத்தில் நிற்கலாம். ஒரே கேமராவை வெக்கையிலும் குளிரிலும் வைத்துப் பார்க்க வேறெங்கும் போகவேண்டியதில்லை.

இன்று 5.45 மணியை ஒட்டிச் சூரியன் மறைந்தது. தெற்கே 21 பாகையில் இருக்கும் இந்தத் தீவில் அந்தி நின்று நிதானிப்பதில்லை. ஏறத்தாழ 25 நிமிடங்களில் சூரியன் அடிவானத்துக்கு 6 பாகை கீழே போய்விடுகிறது. மறையும் வேளையில் சுமார் 400 லக்ஸாக (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) இருக்கும் வெளிச்சம் அதற்குள் 3 லக்ஸ் அளவுக்கு வற்றிவிடுகிறது. சராசரியாகப் பார்த்தால் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை ஒளி பாதியாகிறது என்று பொருள். கால் விநாடி போதும் என்று கேமரா காட்டும் காட்சிக்குப் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைப் பத்து முறை பாதியாக்கும் கருங்கண்ணாடி) மாட்டினால் 256 விநாடி தேவை என்பது வாய்ப்பாட்டுக் கணக்கு. ஆனால் அந்த நான்கு நிமிடத்துக்குள் ஒளி பாதிக்கும் கீழே இறங்கிவிடுவதால், ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சாருக்கு வந்து சேர்வது எதிர்பார்த்ததில் மூன்றில் இரண்டு பங்குதான். இதை ஷட்டர் நேரத்தை நீட்டியே ஈடுகட்டப் பார்த்தால் ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். எஃப் 11-இலிருந்து எஃப் 8-க்கு லென்ஸின் துளையை அகலத் திறந்துவிடுவதே சரியான வழி.

அந்த ஒளியை விட்டுவிடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. முற்றத்தில் வரிசையாக வைத்த கிண்ணங்களில் தூறல் விழுந்தால் எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு நீர் நிற்பதில்லை. ஃபோட்டான்கள் என்னும் ஒளித்துகள்கள் சென்சாரின் பிக்சல்களில் விழுவதும் அப்படித்தான். நூறு ஃபோட்டான் விழவேண்டிய இடத்தில் பத்து கூடலாம், குறையலாம். பத்தாயிரம் விழவேண்டிய இடத்தில் நூறு கூடலாம், குறையலாம். முன்னதில் ஏற்ற இறக்கம் பத்தில் ஒரு பங்கு, பின்னதில் நூற்றில் ஒரு பங்கு. இரைச்சலின் பெரும்பகுதி இந்த ஏற்ற இறக்கமே என்பதால், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் எண்) 100-இல் வைத்து, வானம் வெளுத்துப்போகாத எல்லைவரை ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலப்பக்கம் தள்ளி எடுப்பதற்கு ஈடான மருந்து வேறு இல்லை.

10 ஜூன், திங்கள்

சனிக்கிழமை எடுத்த கோப்புகளைத் திரையில் நூறு சதவீத அளவில் திறந்து பார்த்தேன். கடற்கரையின் கரும்பாறை நிழலில் சிவப்பு, நீலம், பச்சை எனக் கூரான புள்ளிகள் தெரிகின்றன. அடுத்த கோப்பிலும் அதே பிக்சலில் அதே நிறம். ஒளியின் ஏற்ற இறக்கம் படத்துக்குப் படம் மாறும். இவை இடம் மாறுவதே இல்லை. வெளிச்சமே படாவிட்டாலும் வெப்பத்தால் சென்சாருக்குள் எலக்ட்ரான்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன. சில பிக்சல்களில் அது மிகையாக நடக்கிறது. அவையே ஹாட் பிக்சல்கள். ஷட்டர் நேரம் இரட்டித்தால் இந்த ஊற்றும் இரட்டிக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 6 டிகிரி உயர்ந்தாலும் அதே கதிதான்.

என் கேனான் கேமரா ஒவ்வொரு ரா கோப்பிலும் (சென்சார் தந்த மூலப் பதிவு) தன் உள்வெப்பநிலையைக் குறித்துவைக்கிறது. கோப்பின் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூல் மென்பொருளில் பார்த்தபோது, வெளியே 23 டிகிரி இருந்த அந்த மாலையில் கேமராவுக்குள் 29 டிகிரி. திரையை எரியவிட்டு லைவ் வியூவில் நெடுநேரம் ஃபோகஸ் பார்த்தபின் எடுத்த படத்தில் இந்த எண் இன்னும் கூடுதல். ஃபோகஸ் பிடித்ததும் அதை அணைத்துவிடுவது நல்லது.

15 ஜூன், சனி. புவேந்த் ஓ செல்

உப்பளத்தை அடுத்த பாறைமுனையில் முக்காலியை நிறுத்தினேன். காரைக்காலிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் தம் கேமராவோடு உடன் வந்திருந்தார்.

"அண்ணே, இரைச்சலைக் குறைக்கக் கேமராவிலேயே ஒரு வசதி இருக்குதே, அதைப் போட்டுவிட்டால் போதாதா?" என்று கேட்டார்.

"போடலாம் தம்பி. நான்கு நிமிடம் படம் எடுத்தால், ஷட்டரை மூடிக்கொண்டு இன்னொரு நான்கு நிமிடம் இருட்டையும் எடுக்கும். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்துத் தரும். அந்த நான்கு நிமிடத்தில் வானம் எங்கே இருக்கும் என்று பாருங்கள்" என்றேன்.

அவர் அந்த வசதியைப் போட்டே எடுத்துப் பார்த்தார். கேமரா வேலை முடித்து அடுத்த படத்துக்குத் தயாரானபோது மேற்கே இருந்த செந்நிறம் போய்விட்டிருந்தது. கழித்தல் என்னும் அந்த முறையில் பிழை ஏதும் இல்லை. அதைச் செய்யும் நேரம்தான் பொருந்தவில்லை. அந்தியின் இருபத்தைந்து நிமிடத்தையும் ஒளிக்கே கொடுத்துவிட வேண்டும். இருட்டுப் படங்களை முழு இருளான பிறகு, கேமராவை முக்காலியிலிருந்து கழற்றாமல், லென்ஸ் மூடியைப் போட்டு, வ்யூஃபைண்டரையும் மறைத்து, அதே ஐஎஸ்ஓவிலும் அதே ஷட்டர் நேரத்திலும் எடுத்துக்கொள்ளலாம். கேமராவைக் காருக்குள் வைத்து எடுத்தால் வெப்பநிலை மாறிவிடும். பிறகு கழித்தல் பொருந்தாது.

22 ஜூன், சனி. மாயிதோ

முதல் நாள் சொன்ன 2,200 மீட்டர் உயரம் இதுதான். மேகம் கலைந்து மாஃபாத் பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரிந்தது. சாலையே இல்லாத அந்தப் பள்ளத்தாக்கில் நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போகமுடியும். அங்குள்ள சிற்றூர்கள் சூரியத் தகடுகளின் மின்சாரத்தில் விளக்கேற்றுகின்றன. வெளியே 8 டிகிரி, கேமராவுக்குள் 13. கரையோடு ஒப்பிட்டால் 16 டிகிரி குறைவு. 6 டிகிரிக்கு ஒரு பாதி என்ற கணக்கில் வெப்ப எலக்ட்ரான்கள் ஆறில் ஒரு பங்குக்கு இறங்கியிருக்க வேண்டும். பின்னிரவில் வீட்டுக்கு வந்து இரண்டு இடத்து இருட்டுப் படங்களையும் அருகருகே வைத்தேன். கரையில் எடுத்தது மணல் தூவிய தாள்போல் கிடக்க, மலையில் எடுத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே புள்ளிகள் இருந்தன. பேட்டரி குளிரில் வேகமாக இறங்கியது ஒன்றுதான் குறை.

இன்றைய படங்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. கீழே ரோஷ் ப்ளாத் பக்கம் எரிந்த விளக்குகள் படத்தில் ஓரிரு பிக்சல் அகலமே இருக்கின்றன. ஹாட் பிக்சலைத் தானாகக் கண்டுபிடித்து அழிக்கும் மென்பொருளிடம் கோப்பைக் கொடுத்தேன். அது விளக்குகளில் சிலவற்றையும் சேர்த்தே அழித்துவிட்டது. அக்கம்பக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும் தனிப்புள்ளி எதுவும் அதற்குக் குற்றமே. இருட்டுப் படத்துக்கோ எது சென்சாருடையது, எது ஊருடையது என்று ஐயமறத் தெரியும். மூடி போட்டபின்னும் நிற்கும் புள்ளியை மட்டுமே அது கழிக்கிறது. ஒரு வீட்டு விளக்கைப் படத்திலிருந்து நீக்க எனக்கு மனம் வராது. இந்த ஒரு காரணத்துக்காகவே இருட்டுப் படம் எடுக்கும் சிரமத்தை ஏற்கலாம்.

23 ஜூன், ஞாயிறு

ஒரே ஒரு இருட்டுப் படத்தைக் கழித்தால் ஹாட் பிக்சல் போகும். ஆனால் அந்த இருட்டுப் படத்துக்கென்று உள்ள தற்செயலான இரைச்சல் நம் படத்தில் வந்து சேரும். ஒளி மிகக் குறைந்த நிழல் பகுதிகளில் அது 1.4 மடங்கு வரை கூடக்கூடும். கேமராவின் வசதி செய்வது இதைத்தான். பதினாறு இருட்டுப் படங்களின் சராசரியை எடுத்துக் கழித்தால் அந்தச் சேர்க்கை பொருட்படுத்தவேண்டாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. குளிர்ந்த மாலைகளில் பதினாறு தேவையில்லை, நான்கே போதும் என்பது என் எண்ணம்.

29 ஜூன், சனி. மீண்டும் புவேந்த் ஓ செல்

இன்று ஃபில்டரைக் குறைத்துக்கொண்டு, 256 விநாடி ஒரே படத்துக்குப் பதிலாக 15 விநாடிப் படங்கள் பதினாறைத் தொடர்ந்து எடுத்துச் சராசரி பார்த்தேன். தற்செயலான இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும்: நான்கு படத்துக்குப் பாதி, பதினாறுக்குக் கால். அலை ஒற்றை நீண்ட படத்தில் போலவே பனிப்புகையாகப் படர்ந்திருக்கிறது. சராசரிக்குப் பதில், வரிசையின் நடுவில் வரும் இடைநிலை எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நுரை செத்துப்போகிறது. கடலுக்குச் சராசரியே ஏற்றது.

ஒவ்வொரு முறை சென்சாரைப் படிக்கும்போதும் மின்சுற்று தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைச் சேர்ப்பதால், பதினாறு முறை படித்தது மிக இருண்ட பாறை இடுக்குகளில் மெல்லத் தெரிகிறது. ஆனால் அந்தக் குறையைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று இருக்கிறது. நான்கு நிமிடத்தில் சில ஹாட் பிக்சல்கள் முழுக்க நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பியபின் அங்கே விழுந்த ஒளிக்குத் தடயமே இல்லை என்பதால் கழித்தாலும் எதுவும் மிஞ்சாது. 15 விநாடியில் அவை நிரம்புவதில்லை, ஆகவே கழித்தல் முழுப்பயன் தருகிறது. கோடைக்கு நான் இந்த முறையையே கைக்கொள்வேன்.

6 ஜூலை, சனி

மென்பொருள் வேலையைக் கடைசியில் வைத்துக்கொண்டேன். நிற இரைச்சலைத் தயங்காமல் குறைக்கலாம். கண் நிறத்தில் நுணுக்கம் தேடுவதில்லை. ஒளி இரைச்சலைக் குறைக்கும் சறுக்கியை மட்டும் மிகக் கவனமாகத் தொடவேண்டும். இந்தத் தீவின் எரிமலைப் பாறை முழுக்கச் சிறு துளைகளால் ஆனது. சறுக்கியைப் பாதி தூரம் தள்ளினாலே துளைகள் மெழுகிப் பாறை பிளாஸ்டிக்காகிறது. பாறைக்குச் செய்யும் துரோகமாகவே அதை நான் கருதுகிறேன். வானத்துக்கு ஒரு அளவும் பாறைக்கு அதில் கால்பங்குமாக, பகுதி பிரிக்கும் முகமூடி (மாஸ்க்) வரைந்து தனித்தனியே கொடுத்தேன்.

60 சென்டிமீட்டர் அகலத்தில் அச்சிட்டு வந்த படத்தில், திரையில் என்னை உறுத்திய மணல்தன்மை கைநீள தூரத்தில் தெரியவே இல்லை. பல பிக்சல்கள் சேர்ந்து கண்ணுக்கு ஒரு புள்ளியாகும்போது சராசரி தானாகவே நடந்துவிடுகிறது. ஆகவே எவ்வளவு குறைப்பது என்பதை இனி அச்சுத் தாளை வைத்தே முடிவுசெய்யப்போகிறேன். இருட்டுப் படங்களை 13 டிகிரி, 29 டிகிரி எனக் கேமராவின் வெப்பநிலைப்படி கோப்புறைகளில் பிரித்துவைத்திருக்கிறேன். ஜனவரியில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் மறையும், கரையில் அப்போதும் வெக்கை தணிந்திருக்காது. 35 டிகிரிக்கான கோப்புறையை அந்த மாலைகளில் நிரப்பவேண்டும்.