தீபாவளியன்று மூடிய டயாலிசிஸ் பிரிவு

2024 தீபாவளி வியாழக்கிழமை வந்தது. செவ்வாய், வியாழன், சனி ஷிப்டில் டயாலிசிஸுக்கு வரும் நோயாளிகளை முந்தைய நாள் இரவுக்கும் மறுநாள் வெள்ளிக்கும் பிரித்துவிட்டு, அவசரத்துக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரிடம் பேசி அனுமதி வாங்கியவள் நான்தான். அது தவறென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. சரியென்று சொல்லவும் நா எழவில்லை.

எங்கள் சிஸ்டர்களில் ஒருத்திக்கு அது தலை தீபாவளி. நோயாளிகளும் நான்கு மணி நேரம் மெஷினோடு படுத்திராமல், எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று நினைத்தேன். பட்டியலைச் சொன்னபோது எல்லோரும் மகிழ்ந்தார்கள், ஒரு பாட்டியைத் தவிர.

“தீபாவளிக்கு நான் இங்கேயே வந்துடுறேனே சிஸ்டர்” என்றார்.

இரவில் தனியாக வர முடியாததைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, “அப்ப வெள்ளிக்கிழமை காலையில வாங்க பாட்டி, தீபாவளியன்னிக்கு வீட்டுல நிம்மதியா இருங்க” என்றேன்.

“வீட்டுல யாரு இருக்கா?” என்றார். அது காதில் விழுந்தபோதே அடுத்தவரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளியன்று, சிறுநீரகம் வெளியேற்ற முடியாத நீர் உடம்பில் தேங்கி, அவருக்கு நான்கு கிலோ எடை கூடியிருந்தது. படுக்க முடியாமல் மூச்சு வாங்க, தலைப்பக்கத்தை உயர்த்தி உட்காரவைத்தே டயாலிசிஸைத் தொடங்கினோம். மூச்சு சற்று அடங்கியதும், “தனியா உட்கார்ந்திருந்தேன், காபி போட்டுக் குடிச்சிக்கிட்டே இருந்துட்டேன்” என்றார்.

செவ்வாயிலிருந்து வெள்ளி வரை மூன்று நாள். வாராவாரம் சனியிலிருந்து செவ்வாய் வரையிலும் அதே மூன்று நாள்தானே என்று எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொள்கிறேன். கணக்கு சரிதான். ஆனால் தெருவெல்லாம் வெடிச்சத்தம் கேட்கும் நாளில் ஆளில்லாத வீடு, மற்ற நாள்களின் அதே வீடாக இராது என்பதை அந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் பேரன் பேத்தி கதை கேட்டுக்கொண்டு, நாங்கள் அளந்து கொடுக்கும் அரை டம்ளர் காபியைக் குடிப்பதுதான் அவருக்குப் பண்டிகையாக இருந்திருக்கும். ஒருவருக்கு ஒப்புக்கொண்டால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று அப்போது நினைத்தேன். வேறு எவரும் கேட்கவே இல்லை. அவசரத்துக்கென்று நிறுத்தியிருந்த சிஸ்டரும் டெக்னீஷியனும் அன்று முழுவதும் இருந்தார்கள், ஒரு நோயாளியும் வரவில்லை. தலை தீபாவளிக்குப் போனவளின் விடுப்பில் கைவைக்காமலே பாட்டிக்கு ஒரு மெஷின் கொடுத்திருக்கலாம்.

2025இல் தீபாவளி திங்கட்கிழமை வந்தது. அந்த ஷிப்டில் உள்ள ஒவ்வொருவரிடமும் படுக்கையருகே அமர்ந்து, அன்று எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்ட பிறகே பட்டியல் போட்டேன். மூவர் இங்கேயே வருவதாகச் சொன்னார்கள். அன்றைய டியூட்டியை நானே எடுத்துக்கொண்டேன். பாட்டி செவ்வாய் ஷிப்ட் என்பதால், அவரிடம் அதைக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.