அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது

டிப்ரஷன் என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சல். மகள் கை தவறி ஸ்பூனைக் கீழே போட்டாள், அதற்கு நான் கத்திய கத்தல் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். அவள் பேசாமல் அதை எடுத்துக் கழுவி வைத்தாள். அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

விடியற்காலை மூன்றரைக்கு முழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் வராது. முதுகுவலி, தலைபாரம். அக்கா கூப்பிட்டால் போன் அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருப்பேன். வாஷிங் மெஷினில் துவைத்த துணியை எடுத்துக் காயப்போட மறந்து, மறுநாள் நாற்றமடித்து, திரும்பத் துவைப்பேன். ஒரே துணியை மூன்று முறை துவைத்த வாரமும் உண்டு. ஆனால் சமையல் நடந்தது, ஆபீஸ் போனேன். வேலை நடந்துகொண்டிருக்கும் வரை வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நானே கேட்டுக்கொள்ளவில்லையே!

டாக்டரிடம் போனதுகூட 'அசதி' என்று சொல்லித்தான். முதலில் ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின், தைராய்டு. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வும் மந்தமும் வருமாம். எல்லாம் நார்மல். சந்தோஷப்படாமல் ஏமாந்துபோனேன், காரணம் காட்ட ஒரு நோய் கூட இல்லையே என்று.

அப்புறம் ஒரு தாளை நீட்டினார். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. முதல் கேள்வியே எதிலும் ஆர்வம் இல்லாமல் இருக்கிறதா என்பதுதான். கடகடவென்று போட்டுக்கொண்டே வந்து ஒன்பதாவதில் பேனா நின்றது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா? 0 போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அடித்துவிட்டு 1 போட்டேன். அந்த அடித்தலைத்தான் டாக்டர் முதலில் பார்த்தார். மொத்தம் 27-க்கு 16. பத்தைத் தொட்டாலே கவனிக்க வேண்டுமாம். மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், அரை மணி நேரம் பேசிவிட்டு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்.

மாத்திரையும் கவுன்சலிங்கும் ஆரம்பித்தன. முதல் வாரம் குமட்டல் மட்டும்தான் மிச்சம், மனசு அப்படியே இருந்தது. வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் விடாமல் போட்டேன். ஐந்தாவது வாரம் ஒருநாள் துணியைக் காயப்போட்டு முடித்த பிறகுதான் உறைத்தது, மெஷின் நின்ற உடனேயே எடுத்திருக்கிறேன் என்று.

மூன்றாம் மாதம் 'சரியாகிவிட்டதே' என்று நானே நிறுத்தப் பார்த்தேன், நல்ல திட்டு கிடைத்தது. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டுமாம், நிறுத்துவதையும் அவர்கள் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இப்போது அக்கா கூப்பிட்டால் எடுக்கிறேன். சில நாள் நானே கூப்பிடுகிறேன்.