தபால்பெட்டியில் ஒரு பெயர்ச்சீட்டு: ஓர்ஹூஸில் முதல் இரண்டு வாரம்

டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழகத்துக்கு ஒரு செமஸ்டர் படிக்கப் போகிறவர், அறைச் சாவியை வாங்கிய கையோடு தபால்பெட்டியில் தன் பெயரை ஒட்டிவிட வேண்டும். அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போகத் தோன்றும், பயணக் களைப்பு அப்படி. ஆனால் பெயர் இல்லாத பெட்டியில் டென்மார்க்கில் கடிதம் போட மாட்டார்கள். அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். மருத்துவ அட்டை, வங்கி அட்டை, அதன் ரகசிய எண் என்று அடுத்த ஒரு மாதத்துக்குத் தேவையான பாதிப் பொருள் அந்தப் பெட்டி வழியாகத்தான் வரும். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துப்படியே பெயரை எழுதுங்கள். நம் ஊர் வழக்கப்படி முன்னால் இனிஷியல் மட்டும் போட்டு, அப்பா பெயரை விட்டுவிட்டால் குழப்பம் வரும். அலுவலகக் கணினியில் கடைசியாக நிற்கும் பெயர்தான் உங்கள் குடும்பப் பெயர். அப்பா பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

2025 முடிவோடு போஸ்ட்நோர்ட் என்ற அஞ்சல் நிறுவனம் கடிதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. இப்போது டாவோ என்ற நிறுவனம் கொண்டுவருகிறது. தெருவோரச் சிவப்புத் தபால்பெட்டிகளை எடுத்துவிட்டார்கள், தேடி அலைய வேண்டாம்.

போய்ச் சேரும் வழியில் ஒரே ஒரு எச்சரிக்கை. கோபன்ஹேகன் விமான நிலையத்திலிருந்து ஓர்ஹூஸ் ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். ‘ஆரஞ்ச்’ டிக்கெட் மலிவுதான், ஆனால் அது குறித்த ஒரு ரயிலுக்கு மட்டும். விமானம் தாமதமானால் டிக்கெட்டும் போயிற்று. பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்குவது பக்கம். அங்கே ரயில் கிடையாது, ஓர்ஹூஸுக்கு நேரடிப் பேருந்து உண்டு.

இனி முக்கியமான விஷயம். டென்மார்க்கில் எல்லாம் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். முகவரி இருந்தால்தான் சி.பி.ஆர் எண், அதாவது அரசு தரும் தனிநபர் பதிவு எண். சி.பி.ஆர் இருந்தால்தான் மிட்ஐடி என்ற இணைய அடையாளம். மிட்ஐடி இருந்தால்தான் வங்கிக் கணக்கு, ஃபோனில் பணம் கட்டும் மொபைல்பே, அரசுக் கடிதம், வேலைக்குப் போனால் வரி அட்டை. முதல் கண்ணியில் ஒரு வாரம் தாமதித்தால் கடைசிக் கண்ணி ஒரு மாதம் தள்ளிப்போகும்.

ஆகவே அறை தேடும்போதே கேட்க வேண்டிய கேள்வி: “இந்த முகவரியில் சி.பி.ஆர் பதிவு செய்யலாமா?” வேண்டாம் என்கிற வீட்டுக்காரரின் அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சட்டப்படி மூன்று மாத வாடகை வரை டெபாசிட்டும், அதற்கு மேல் மூன்று மாதம் வரை முன்வாடகையும் கேட்கலாம். அதனால் முதல் மாதக் கணக்கைப் பெரிதாகவே போட்டு வையுங்கள். கொலேகியம் எனப்படும் மாணவர் குடியிருப்புகளில் பொதுவாக இவ்வளவு இராது. அறையைப் பார்க்காமல், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் பணம் கேட்டால் அது மோசடி என்றே வைத்துக்கொள்ளலாம்.

அறைக்குள் போனதும் சுவர்க் கீறல், தரையில் கறை, குளியலறைப் பூஞ்சை, ஓடாத ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் படம் எடுத்து, குடியேறிய 14 நாளுக்குள் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். அந்தக் கெடு தாண்டினால், போகும்போது பழைய கீறலும் உங்கள் கணக்கில்தான் வரும். டெபாசிட் குறைவதற்கு இதுதான் பெரிய வாசல்.

சி.பி.ஆர் பத்து இலக்க எண்; 1968 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள், மாதம், வருடம். கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. ஓர்ஹூஸில் இதற்கான இடம் துறைமுகத்தை ஒட்டிய டொக்1. 2015இல் திறந்த பெரிய நூலகம் அது. குடிமக்கள் சேவை மையமும், வெளிநாட்டவருக்கான பிரிவும் அதற்குள்ளேயே. கட்டடத்தின் பெயரிலேயே லெட்பானெ டிராம் நிறுத்தம் இருக்கிறது. நேரம் முன்பதிவு செய்துகொண்டு, கடவுச்சீட்டு, வசிப்பு அனுமதிக் கடிதம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் அசலாகக் கொண்டுபோங்கள். திருமணமானவர் அந்தச் சான்றிதழையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் அறை எண், மாடி, இடப்பக்கமா வலப்பக்கமா என்பது விடுபட்டிருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். “2. டி.வி.” என்றால் இரண்டாவது மாடி, இடப்பக்கம், “டி.எச்.” வலப்பக்கம்.

எண் கிடைத்த இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சள் மருத்துவ அட்டை தபாலில் வரும். அதில் உங்களுக்கான மருத்துவரின் பெயர் அச்சாகியிருக்கும். அவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மாலையிலும் வார இறுதியிலும் உடம்புக்கு முடியாவிட்டால் நேராக மருத்துவமனைக்குப் போய் நிற்கக் கூடாது, முதலில் தொலைபேசியில் பேச வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

மிட்ஐடிக்கு மறுபடி டொக்1 போக வேண்டியிருக்கும், கடவுச்சீட்டோடு. செயலியை ஃபோனில் போட்டுக்கொள்வதோடு நிறுத்தாமல், எண் காட்டும் சின்னக் கருவி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். ஃபோன் உடைந்தால் வங்கியிலிருந்து அரசுத் தபால் வரை எதற்குள்ளும் நுழைய முடியாமல் போவது இங்கே அடிக்கடி நடப்பது. அரசு எழுதும் கடிதங்கள் ‘டிஜிட்டல் போஸ்ட்’டில் விழும். திறந்து பார்க்கவில்லை என்பது சாக்காகாது. டேனிஷில்தான் இருக்கும், மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படித்தே ஆக வேண்டும்.

வங்கி மெதுவாகத்தான் நகரும், வாரக் கணக்கில் ஆகும். அதுவரை பல நாணயக் கணக்கு தரும் அட்டை ஒன்றை ஊரிலேயே எடுத்து வைத்திருப்பது நல்லது. வாடகை கட்டும்போது பதிவு எண் நான்கு இலக்கம், கணக்கு எண் பத்து இலக்கம் என்று பிரித்துக் கொடுப்பார்கள். வெளிநாட்டுக் கணக்கிலிருந்து அனுப்ப அது போதாது, 18 எழுத்துள்ள ஐபான் என்ற சர்வதேசக் கணக்கு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பேச்சுக்கு முன்பணச் சிம் போதும்; மாதச் சந்தாவுக்கு சி.பி.ஆர் கேட்பார்கள்.

அறையில் கட்டில் இருக்கும், போர்வை இராது. இந்தியாவின் மூன்று முள் பிளக் சுவரில் நுழையாது. லேப்டாப் சார்ஜரின் சுவர்ப்பக்க வயரை மட்டும் வாங்கி மாற்றினால் அடாப்டர் தொல்லையில்லை. போர்வை, தலையணைக்கு யூஸ்க் கடை. அதன் முதல் கிளையே 1979இல் இந்த ஊரில்தான் திறந்தது. பாத்திரம், நாற்காலி, விளக்குக்கு செஞ்சிலுவைச் சங்கத்தின் பழைய பொருள் கடைகள். குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று தடவை ஐந்து பத்து நிமிடம் ஜன்னலை அகலத் திறக்க வேண்டும். குளிருக்குப் பயந்து அடைத்தே வைத்தால் சமையல், குளியல் ஈரம் சுவரில் பூஞ்சையாகும். அந்தப் பூஞ்சைக்கும் டெபாசிட்டில் கை வைப்பார்கள்.

பொதுச் சமையலறை தனி உலகம். அடுப்பு பெரும்பாலும் மின்சாரம். இண்டக்‌ஷனாக இருந்தால் அம்மா கட்டிக்கொடுத்த அலுமினியக் குக்கர் சூடே ஆகாது. அடியில் காந்தம் ஒட்டுகிற எஃகுக் குக்கராகப் பார்த்துக் கொண்டுபோங்கள், கூடவே இரண்டு ரப்பர் வளையம். கடுகு தாளிக்கும் முன் மேலே உள்ள புகையுறிஞ்சியைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். வெளி நடையில் புகை உணரி இருந்தால் கட்டடமே அலறும். நெய், பால்கோவா, கறிவேப்பிலை இவற்றை ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போகக் கூடாது. பால், இறைச்சிப் பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் அனுமதியில்லை, இலை தழைக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மசாலாப் பொடி, பருப்பு எடுத்துப் போகலாம். கறிவேப்பிலைக்கும் உளுந்துக்கும் பிராப்ராண்ட் பக்கத்து பஸார் வெஸ்ட் சந்தை, திங்கட்கிழமை மூடியிருக்கும்.

குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்க வேண்டும். பாட்டிலையும் தகர டப்பாவையும் குப்பையில் போடுவது காசைப் போடுவது: ஏ குறி 1 குரோனர், பி 1.50, சி 3. கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் சீட்டு வரும். டப்பாவை நசுக்கிவிட்டால் குறியைப் படிக்க முடியாமல் இயந்திரம் துப்பிவிடும்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் பிராண்டெ என்ற சிற்றூரில் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது. ஹெர்னிங் வழியாக ரயிலில் போகலாம். ஓர்ஹூஸ் இருக்கும் யூட்லாந்து தீபகற்பம் முழுக்க 1980களில் வந்த இலங்கைத் தமிழர் குடும்பங்கள் பரவியிருக்கின்றன. அவர்களின் குடும்பச் சேர்க்கை மனுக்களை அமைச்சர் முடக்கிவைத்த விவகாரத்தால்தான் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். ‘தமில்சாகென்’ (தமிழர் விவகாரம்) என்றால் வயதான டேனிஷ்காரர் இன்றும் தலையாட்டுவார்.

பல்கலைக்கழகம் மஞ்சள் செங்கல் கட்டடங்களாக ஒரு சரிவில் இறங்குகிறது. கட்டடங்களுக்குப் பெயரைவிட நான்கு இலக்க எண்தான் முக்கியம். டிராமில் இறங்க வேண்டியது ‘யூனிவர்சிடெட்ஸ்பார்கென்’. ‘யூனிவர்சிடெட்ஸ்ஹோஸ்பிடாலெட்’ என்பது தள்ளியிருக்கும் மருத்துவமனை. டிராமில் ஏறும் முன்பே மேடையில் செக்-இன் (பயணம் தொடங்குவதைப் பதிவு செய்வது), இறங்கியதும் செக்-அவுட். மறந்தால் செலவு உங்களுடையது.

கால அட்டவணை தேதியில் பேசாது, வார எண்ணில் பேசும். “42ஆம் வாரம் விடுமுறை, 45ஆம் வாரம் கட்டுரை” என்பார்கள். ஃபோன் நாட்காட்டியில் வார எண் தெரியும்படி மாற்றிவிடுங்கள். நேரத்தில் இன்னொரு பொறி: ‘ஹால் நி’ என்றால் பாதி ஒன்பது, அதாவது எட்டரை. ஒன்பதரைக்குப் போனவர்கள் நிறையப் பேர். வகுப்பு 8.15 என்று போட்டிருந்தால் அந்தக் கால் மணி நேரம் ஏற்கெனவே சலுகையாகக் கழித்தது, அதற்கு மேல் தாமதம் இல்லை.

ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். சார், மேடம் கிடையாது. வகுப்பு வாரத்துக்குச் சில மணி நேரம்தான் என்று பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு செமஸ்டர் 30 பாடப் புள்ளி (கிரெடிட்), ஒரு புள்ளிக்கு ஏறக்குறைய 27 மணி நேர உழைப்பு. மீதி எல்லாம் நீங்களாகப் படிப்பது. முதல் வாரத்திலேயே படிப்புக் குழு ஒன்றில் ஒட்டிக்கொள்ளாவிட்டால் அப்புறம் இடம் கிடைப்பது கடினம். மதிப்பெண் அளவு -3, 00, 02, 4, 7, 10, 12. 02 எடுத்தால் தேர்ச்சி. முன்னால் சுழி போடுவது, 2-ஐ யாரும் 12 ஆக்கிவிடக் கூடாது என்பதற்காக என்பார்கள். 7 வாங்கினால் அழ வேண்டாம். அது நல்ல மதிப்பெண்.

கடைசியாக சைக்கிள். பழையது வாங்கும்போது சட்டத்தில் அடித்த எண்ணைப் பார்த்து, காவல்துறை இணையதளத்தில் திருட்டு வண்டியா என்று சோதியுங்கள். பல வண்டிகளில் பின் பிரேக் காலில்தான். பெடலைப் பின்னால் சுற்றினால் வண்டி நிற்கும். நம் ஊர்ப் பழக்கத்தில் சும்மா சுற்றினால் கவிழ வேண்டியதுதான். நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்துங்கள். இடப்பக்கம் திரும்ப நேராக வெட்டக் கூடாது. எதிர்ப்பக்கம் கடந்து போய் நின்று, பிறகு திரும்ப வேண்டும். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு, இல்லையென்றால் அபராதம். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். டிசம்பரில் மாலை மூன்றே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். விளக்கை செப்டம்பரிலேயே வாங்கி மாட்டிவிடுங்கள்.